பொட்டு வைத்த பெட்டி, எரியாத விளக்கு

"கையெழுத்துப் போட மாட்டேன்!"

இதைச் சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி வந்தாள். யாரும் அவளிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் கையில் பேனாகூட இல்லை. ஆயுத பூஜைக்கு வாங்கி மீந்துபோன பொரிதான் இருந்தது.

"போட வேணாம் மேடம். உக்காருங்க. பொரி சாப்பிடறீங்களா?" என்றேன்.

"வேடியப்பா, வாய மூடு" என்றார் உண்ணாமலை அக்கா, நாற்காலியை அவள் பக்கம் தள்ளியபடி. "நீ சொல்லும்மா. எதுல போட மாட்டே?"

அவள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உண்ணாமலை துப்பறியும் நிலையம் என்பது செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வாடகை சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. முதலாளி அக்கா. போலீசில் பன்னிரண்டு வருஷம் கைரேகைப் பிரிவில் இருந்து, ஒரு அதிகாரியிடம் 'நீங்க சொல்றது பொய் சார்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே வந்தவர். ஊழியர் நான் ஒருவன்தான். ஆட்டோவும் என்னுடையது, வாயும் என்னுடையது. மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பது, வெள்ளைக்காரர் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு போன குரங்கைத் துரத்துவது, இவைதான் எங்கள் வழக்குகள். இந்த 2005-ஆம் வருஷத்தில் இந்த ஊரில் இதைவிடப் பெரிதாக எதுவும் வராது என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது.

அவள் பெயர் அருணாதேவி. கீழ்பென்னாத்தூர்க்காரி. வீட்டில் மணிலாக் கொட்டை விவசாயம். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் இயற்பியல் விரிவுரையாளர், அங்கேயே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்கிறாள். துறைத் தலைவர் கலையரசன்தான் அவளுக்கு வழிகாட்டி.

"திங்கக்கிழமை என் விளக்கு எரிஞ்சது. டிபார்ட்மென்டே பாத்தது. நேத்து எரியல. நான் ஏமாத்திட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். இன்னிக்கு நாலு மணிக்கு சென்னையிலேர்ந்து ஒரு பேராசிரியை அம்மா பார்வையிட வர்றாங்க, அதுக்குள்ள."

"போடலைன்னா?" என்றார் அக்கா.

"வேலை போயிடும். ஆராய்ச்சிப் பதிவு ரத்து. ஏமாத்துக்காரின்னு பேரு வந்துட்டா எந்த லேப்லயும் என்னை உள்ள விட மாட்டாங்கக்கா. போனா போகட்டும். எரிஞ்சதை எரியலன்னு மட்டும் எழுத மாட்டேன்."

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

"என்ன விளக்கும்மா அது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இவனுக்குப் புரியலைன்னா பரவாயில்ல" என்றார் அக்கா.

"கற்பூரத்தை உலையில ஆவியாக்கினா ஒரு கரி படியும். சாதாரணக் கரி இல்ல, தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசான குழாய். நானோ டியூப்னு சொல்லுவாங்க. அதைப் பசையில குழைச்சு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில குடுத்து, ஒரு கண்ணாடித் துண்டு மேல அகல் விளக்குப் படமா அச்சடிச்சேன். காத்தே இல்லாத அறையில அதை வெச்சு வோல்டேஜ் குடுத்தா, குழாயோட நுனியிலேர்ந்து எலக்ட்ரான் பாயும். எதிர்ல ஒளிரும் பூச்சு பூசின கண்ணாடி இருக்கும். அதுல போய் மோதினா பச்சையா வெளிச்சம் வரும். கரியைச் சூடு பண்ணவே வேணாம்."

"கற்பூரம் ஏத்தாமயே தீபம். நம்ம ஊருக்கு ஆகாதே" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுவே ஒரு திட்டுதான். "இதுல உங்க தலைவருக்கு என்ன கோவம்?"

"குழாய் எப்படி நிக்குதுங்கறதுலதான் கோவம். நுனி மேல பாத்து நிக்கணும். அப்பத்தான் மின்சார இழுப்பு நுனியில குவியும். படுத்துட்டா ஒண்ணும் வராது. அதுக்காக ரொம்ப நெருக்கமா நின்னாலும் வராது. ஒத்தப் பனை மேல இடி விழுது பாருங்க, அந்த மாதிரி. தோப்பா நின்னா ஒண்ணு இன்னொண்ணை மறைச்சுடும். இடைவெளி விட்டு நிக்கறதுதான் நல்லாப் பாயும். ஆனா சாரோட ப்ராஜெக்ட்டே 'ஜாஸ்தி குழாய், ஜாஸ்தி எலக்ட்ரான்'தான். வெளிநாட்டு உலை வாங்கி, அடர்த்தியாக் காடு மாதிரி வளக்கறாரு. திங்கக்கிழமை என் கற்பூரக் கரி அவரோட காட்டைவிட பாதி வோல்டேஜ்ல எரிஞ்சது."

"அவரு என்ன பண்ணாரு?"

"எல்லாரோடயும் சேந்து கை தட்டினாரு."

"கை தட்டினாரா? அப்பவே உஷாராயிருக்கணும் மேடம்" என்றேன்.

மீதிக் கதை இதுதான். செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. லேபில் பம்ப், உலை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தார்கள். அந்தக் கண்ணாடித் துண்டும் அதன் பிளாஸ்டிக் டப்பாவில் பூஜைப் பலகைமேல் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடமாட்டார்கள். இது எங்கள் ஊரில் ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கும் தெரியும், சயின்டிஸ்ட்டுக்கும் தெரியும். லேபைப் பூட்டியது கலையரசன். புதன் விஜயதசமி விடுமுறை. வியாழன் காலை எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறந்து சோதித்தார். இருட்டு. வராண்டாவில் மாணவர்கள் கூடி நிற்க, 'திங்கட்கிழமை இவள் எங்கேயோ டார்ச் பல்பை ஒளித்துவைத்து ஏமாற்றினாள்' என்று கத்தியிருக்கிறார்.

"கண்ணாடித் துண்டை மாத்தியிருப்பாரா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. ஓரத்துல நான் கீறி வெச்ச அடையாளம் இருக்கு. அதே துண்டுதான்."

"அப்ப யாராவது திறந்து குழாயைப் படுக்க வெச்சிருக்கலாம். முடியுமா?"

"கட்டை விரலால ஒரு தேய் தேய்ச்சாப் போதும். பாக்கறதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கருப்பு கருப்பாத்தான் இருக்கும். ஆனா டப்பாவை யாரும் திறக்கலைங்கறாரு. மூடியையும் டப்பாவையும் சேத்து வெச்ச பொட்டு அப்படியே இருந்துச்சு. 'பாருங்க, பொட்டுகூடக் கலையல, ஆண்டவன் வெச்ச சீலு'ன்னு எல்லாருக்கும் காட்டினாரு. திறந்திருந்தா சந்தனம் உடைஞ்சிருக்கும்ல?" அருணாதேவி எரிச்சலோடு சொன்னாள். "அந்த டப்பா கிட்ட பொடியே வரக்கூடாதுன்னு பாஞ்சாலையக்கா கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மறந்துட்டு வெச்சிட்டாங்க."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாஞ்சாலை யாரு?"

"லேப் அட்டெண்டர். அடி அண்ணாமலையில வீடு. மருமகளுக்குப் பிரசவம்னு புதன்லேர்ந்து லீவு."

"வேடியப்பா, வண்டியை எடு."

"அக்கா, பொரி..."

"வழியில தின்னு."

*

பௌர்ணமி இல்லாத நாளில் கிரிவலப் பாதை மாதிரி சுகமான ரோடு உலகத்தில் கிடையாது. பத்து நிமிஷத்தில் அடி அண்ணாமலையில் இருந்தோம். பாஞ்சாலை வாசலில் வெந்நீர் அண்டாவுக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அருணாதேவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாம்மா! பேத்தி பொறந்திருக்கா. இன்னா இவ்ளோ தூரம்? இவங்கெல்லாம் யாரு?"

அக்கா வாழ்த்துச் சொன்னார். குழந்தையைப் பார்த்தார். சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான், போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார். "பூஜையன்னிக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சது நீதானாம்மா?"

"நான்தான். வேற யாரு வெப்பா? பம்ப்புக்கு, அடுப்புக்கு, அந்த டிவி பொட்டி மாதிரி இருக்குமே அதுக்கு, எல்லாத்துக்கும்."

"அருணாவோட டப்பாவுக்கு?"

"அதுக்கா?" பாஞ்சாலை நிமிர்ந்தார். "அதுக்கு நான் வெக்கவே இல்லியே! பொடி பட்டா கெட்டுப்பூடும்னு இந்தப் பொண்ணு ஆயிரம் தபா சொல்லிச்சே. மனசு கேக்காம, அடியில இருந்த பலகைக்கு வெச்சேன். டப்பா மேல விரலே படல."

அருணாதேவி வாயைத் திறந்து அப்படியே நின்றாள். எனக்கும் பொரி தொண்டையில் நின்றுகொண்டது.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சு மனசுக்குள்ள திட்டிட்டேன்கா" என்றாள் அருணாதேவி.

"திட்டினா திட்டிட்டுப் போ. ஆனா வெக்கல, ஆமா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

"புரியுதாடா? பூட்டின லேபுக்குள்ள வந்தாரு. டப்பாவைத் திறந்து தேய்ச்சாரு, மூடினாரு. சுத்திப் பாத்தா எல்லாத்துக்கும் பொட்டு இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல. தன் கை பட்டுத்தான் அழிஞ்சிடுச்சுன்னு பயந்துட்டாரு. பக்கத்துலயே சந்தனக் கிண்ணம். அழிஞ்ச பொட்டைத் திருப்பி வெக்கறதா நெனச்சு, இல்லாத பொட்டைப் புதுசா வெச்சிட்டாரு. அதையே எல்லாருக்கும் சாட்சியாவும் காட்டியிருக்காரு."

"படிச்ச மனுஷன்கா! முனைவரு!" என்றேன்.

"மறுபூஜைக்கு நான் வரேன்னேன்" என்றார் பாஞ்சாலை யோசனையோடு. "வேணாம், நானே கற்பூரம் காட்டிக்கறேன்னு சாவிய வாங்கிக்கினாரு. பதினோரு வருஷமா அந்த ஆளு கற்பூரம் காட்டி நான் பாத்ததே இல்ல. இப்பவே வரேன். யாருகிட்ட சொல்லணும்? அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்."

"சொல்லுவே. 'பாஞ்சாலை மறந்துட்டா'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாரு" என்றார் அக்கா. "உன் வார்த்தை எனக்குப் போதும். அவங்களுக்குப் போதாது."

அந்த வார்த்தையில் எனக்குக் கொதித்தது. பதினோரு வருஷம் அந்த லேபைத் துடைத்த ஒருத்தி சொன்னால் சாட்சி இல்லை, கோட்டுப் போட்ட ஒருத்தன் சொன்னால் சாட்சி. எந்த ஊர் நியாயம் இது? அக்காவிடம் அதைக் கேட்கவும் செய்தேன்.

"இதே நியாயம்தான் எல்லா ஊர்லயும். கத்தாத, யோசிக்க விடு." அக்கா அருணாதேவி பக்கம் திரும்பினார். "படுத்த குழாயைத் திருப்பி நிக்க வெக்க முடியாதா?"

"முடியும். ஆனா நான் தொட்டாத் தில்லுமுல்லும்பாங்க. என்னை லேப் பக்கமே விடறதில்ல."

"எப்படி நிக்க வெப்பே?"

அருணாதேவி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அக்கா அவள் தோளைப் பிடித்துப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவள் கையைத் தட்டையாக வைத்து எதையோ மேல்நோக்கி இழுப்பதுபோலக் காட்டினாள். அக்கா இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவளையே கட்டிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரே ஒரு உத்தரவு. "போற வழியில ஒரு புது செலோடேப் வாங்கு. பிரிக்காத."

"எதுக்குக்கா?"

"உன் வாயில ஒட்டத்தான்."

*

கலையரசனுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அறை முழுக்கப் பாராட்டுக் கேடயங்கள். அக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"துப்பறியும் நிலையமா? அந்தப் பொண்ணு உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காளா? இது அறிவியல்மா. புருஷன் எங்க போறான்னு பாக்கற வேலை இல்ல."

"அதான் சார் எனக்கும் பயமா இருக்கு" என்றார் அக்கா, அவ்வளவு பணிவாக. இந்தக் குரலை நான் வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்பேன். "அந்தத் துண்டை ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போயிடறேன். தொட மாட்டேன்."

அவருக்கு மறுக்கக் காரணம் இல்லை. பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மேசைமேல் வைத்தார். விரல் அளவு அகலமுள்ள கண்ணாடி. அதன்மேல் கருப்பாக ஒரு அகல் விளக்கு. கல்யாணப் பத்திரிகையில் அடிக்கிற அதே விளக்கு. அக்கா பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஐயோ" என்றார்.

"என்ன?" என்றார் கலையரசன்.

"ஒண்ணுமில்ல சார். கட்டைவிரல் ரேகை. நல்லாப் பதிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணோடதாத்தான் இருக்கும். இல்லைன்னா வேற யாரோடதாவது." தன் பையிலிருந்து நான் வாங்கிய செலோடேப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "நாலு மணிக்குப் பேராசிரியை அம்மா முன்னாடி இதை ஒட்டி உரிச்சாப் போதும். ரேகை அப்படியே டேப்போட வந்துடும். பன்னெண்டு வருஷம் போலீஸ்ல எனக்கு இதான் சார் வேலை."

கலையரசனின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நாலு மணிக்கு வரேன் சார்" என்று அக்கா கும்பிட்டுவிட்டு நடந்தார். டேப் மேசையிலேயே இருந்தது. எனக்குப் பொறுப்பு ஜாஸ்தி. "அக்கா, டேப்..." என்று திரும்பினேன். அக்காவின் செருப்பு என் கால்மேல் ஏறி நின்றது. அவர் எடை கம்மி இல்லை.

வெளியே வந்ததும் குதித்தேன். "இன்னாக்கா பண்றீங்க! ரேகை இருக்குன்னு அவருகிட்டயே சொல்லிட்டு, டேப்பையும் குடுத்துட்டு வந்தா, அவரே உரிச்சு எடுத்துடுவாரே!"

"எடுக்கட்டும்."

"அந்தக் கரியே மொத்தமா வந்துடும்கா! சோதிக்கறதுக்கு ஒண்ணியும் இருக்காது!"

"அப்படித்தான் அவரும் நெனப்பாரு."

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அருணாதேவி இதைக் கேட்டாள். காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, மீதிப் பொரியைத் தனியாகத் தின்றேன்.

*

பேராசிரியை சரோஜா சென்னையிலிருந்து வந்திருந்தார். நரைத்த முடி, கட்டைக் குரல். கலையரசனின் ப்ராஜெக்டைப் பார்வையிட வந்தவர். "முதல்ல இந்த விளக்குத் தகராறை முடிங்க" என்று சொல்லிவிட்டார். காலேஜ் தாளாளர் பலராமன் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருணாதேவியை வாசலுக்கு உள்ளே ஒரு அடி மட்டும் அனுமதித்தார்கள். நாங்கள் அவளுக்குப் பின்னால்.

டப்பாவைக் கொடுத்தது கலையரசன். திருப்தியான முகம். "மேடம், நீங்களே உங்க கையால வைங்க. அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது."

சரோஜா அப்படியே செய்தார். பம்ப் காற்றை உறிஞ்சி முடிக்கிறவரை காத்திருந்தோம். கலையரசன் அக்காவின் பக்கம் சாய்ந்து, "ரேகை ஏதோ எடுக்கறேன்னீங்களே?" என்றார் மெதுவாக.

"இனிமே எதுக்கு சார், விடுங்க" என்றார் அக்கா.

விளக்குகளை அணைத்தார்கள். சரோஜா வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒன்றும் இல்லை. இன்னும் ஏற்றினார். இருட்டு. கலையரசன் தொண்டையைக் கனைத்தார். "நான்தான் சொன்னேனே மேடம், கோயில் கற்பூரத்தை வெச்சு..."

ஒரு பச்சைப் புள்ளி வந்தது.

பிறகு பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கோடு, வளைவு, திரி, சுடர். முழு அகல் விளக்கும் இருட்டில் பச்சையாக எழுந்து நின்றது. பேராசிரியையின் மூக்குக்கண்ணாடியில் அது தெரிந்தது. எனக்கு அறிவியல் தெரியாது, ஆனால் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"திங்கக்கிழமையைவிட இதுல வெளிச்சம் ஜாஸ்தி" என்றாள் அருணாதேவி. "வோல்டேஜும் கம்மி. பாருங்க மேடம்."

"இருக்கவே முடியாது!" கலையரசன் எழுந்துவிட்டார். "எப்படி எரியும்? அதுல ஒண்ணுமே இல்லையே! மொத்தமா உரிச்..."

நிறுத்திக்கொண்டார். பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மொத்தமா என்ன பண்ணீங்க கலையரசன்?" என்றார் சரோஜா.

பதில் சொன்னது அக்கா. "மொத்தமா உரிச்சாரு மேடம். செலோடேப்பை ஒட்டி, அழுத்தி, ஒரே இழுப்பு. மத்தியானம் நாங்க அந்தப் பக்கம் போனதும். ஏன்னா பூஜைக்கு அப்புறம் தேய்ச்ச அவரோட விரல் ரேகை அதுல இருக்குன்னு நான் சொல்லிட்டேன்."

"டேப்பால உரிச்சா எப்படி எரியும்?" என்றார் பலராமன்.

"டேப்பால உரிச்சாத்தான் சார் எரியும்" என்றாள் அருணாதேவி. அவள் குரல் அந்த அறைக்கே பெரிதாக இருந்தது. "அச்சடிச்ச உடனே குழாய் எல்லாம் பசைக்குள்ள படுத்துதான் கிடக்கும். டேப் ஒட்டி உரிக்கும்போது, பிடிப்பில்லாதது டேப்போட போயிடும். கெட்டியாப் பிடிச்சிருக்கறது நிமிர்ந்து நிக்கும். நடுவுல இடைவெளியும் வந்துடும். நான் கடைசியா செய்யற வேலையே அதுதான். சார் என் விளக்கை விரலால படுக்க வெச்சாரு. இன்னிக்கு அவரே எழுப்பி விட்டாரு. ரெண்டாவது தடவை உரிச்சதால இடைவெளி இன்னும் நல்லா வந்திருக்கு."

"இது எனக்கே தெரியும்" என்றார் சரோஜா. "அச்சடிச்ச பசையில வேலை செய்யறவங்க எல்லாரும் பண்றதுதான். உங்க மாணவி இதை உங்ககிட்ட சொல்லலையா?"

"செமினார்ல சொன்னேன் மேடம். பத்திரிகைக் கடை வேலைன்னு சிரிச்சுட்டுப் பாதியிலயே எழுந்து போயிட்டாரு."

கலையரசன் சுதாரித்துக்கொண்டார். "கட்டுக்கதை! நான் தொடவே இல்ல. டேப்பா? எந்த டேப்? ஆதாரம் இருக்கா?"

"வேடியப்பா, பேராசிரியை அம்மாவையும் தாளாளர் ஐயாவையும் சாரோட ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. மேசை மேல என் டேப் இருக்கு. கைக்குட்டையில பிடிச்சு எடுத்துட்டு வா" என்றார் அக்கா.

டேப் அங்கேதான் இருந்தது. உரித்த துண்டை அவர் எங்கேயோ ஒழித்துக்கட்டிவிட்டார். முழு உருளையையும் ஒழிக்கத் தோன்றவில்லை. காகித உறை கிழிந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். டேப்பின் நுனியில், பளிச்சென்று, கரியால் பதிந்த ஒரு கட்டைவிரல். வரி வரியாக எண்ணலாம் போல இருந்தது. பலராமன் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடினார்.

லேபுக்குத் திரும்பியதும் அக்கா அந்த உருளையைக் கலையரசனின் முகத்துக்கு நேரே பிடித்தார். அவருடைய வலது கட்டைவிரல் தானாகவே உள்ளங்கைக்குள் மடங்கியது.

"அந்தக் கண்ணாடி மேல எந்த ரேகையும் இல்ல சார். பூதக்கண்ணாடியில நான் பாத்தது வெறும் கருப்பு. இல்லாத ரேகையை அழிக்கப் போய் இதுல ஒண்ணு வெச்சிட்டீங்க. அன்னிக்கு வெச்சீங்களே, இல்லாத பொட்டு, அதே மாதிரி. பாஞ்சாலை அந்த டப்பாவுக்குப் பொட்டே வெக்கல. வேணும்னா அடி அண்ணாமலையிலேர்ந்து கூட்டிட்டு வரேன். வரத் தயாரா இருக்கு, கோவத்தோட."

கலையரசன் உட்கார்ந்துவிட்டார்.

சரோஜா தன் பையை மூடினார். "உங்க ப்ராஜெக்டை இன்னிக்கு நான் பாக்கப் போறதில்ல. நடந்ததைப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லுவேன். அருணாதேவி, உங்க அளவீடுகளோட அடுத்த வாரம் என் லேபுக்கு வாங்க."

பலராமன் அவசரமாக எழுந்தார். கெட்டிக்காரர், நிலைமையை உடனே எடைபோட்டுவிட்டார். "சரி சரி, நல்லபடியா முடிஞ்சது. அம்மா அருணா, அதை அணைச்சுட்டு என் ரூமுக்கு வா. உக்காந்து பேசிக்கலாம். காலேஜ் பேரு இருக்குல்ல? வெளியில தெரிய வேணாம். சார் உன்கிட்ட தனியா வருத்தம் தெரிவிப்பாரு."

"அணைக்க மாட்டேன் சார்" என்றாள் அருணாதேவி.

"என்னம்மா?"

"நேத்து வராண்டாவுல நிக்க வெச்சு ஏமாத்துக்காரின்னாரு. பசங்க அத்தனை பேரும் கேட்டாங்க. நான் பாடம் நடத்தற பசங்க. தனியா வருத்தம் எனக்கு வேணாம். அதே வராண்டாவுல வந்து சொல்லட்டும்."

"அது முறையில்லம்மா. அவரு பெரியவரு..."

"அப்ப நான் போய்ச் சொல்றேன். அந்த டேப்பையும் கையில எடுத்துட்டுப் போறேன்."

அக்கா உருளையை அவளிடம் நீட்டினார். பலராமன் அக்காவைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார், கடைசியில் கலையரசனிடம், "போங்க சார், வேற வழியில்ல" என்றார்.

வகுப்பு விட்ட நேரம். வராண்டாவில் பையன்களும் பெண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். லேபில் ஏதோ நடக்கிறது என்று எப்படித்தான் மோப்பம் பிடிக்குமோ இந்தப் பிள்ளைகளுக்கு. கலையரசன் கதவுக்கு வெளியே வந்து, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றாள் அருணாதேவி.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "அருணாதேவி காட்டின ரிசல்ட் சரிதான்."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல. நேத்து மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு."

விசில் அடிக்க வாயில் விரல் வைத்த என்னை அக்கா முறைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கலையரசன் நிமிர்ந்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. "அவங்க ஏமாத்தல! நான்தான் கெடுத்தேன்! போதுமா?"

அருணாதேவி அவருக்குப் போதும் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. லேப் கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்து வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, வகுப்பில் பேசுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"எல்லாரும் உள்ள வாங்க. எரியுது. வந்து பாருங்க."